பிரிந்தாலும் இருவரும் பெற்றோரே
பிள்ளைகள் குறித்த பிணக்கை ஆலோசனை, சமரசம் மூலம் தீர்ப்பது: ஒரு குடும்பப் பாடம்

 

கணவனும் மனைவியும் பிரிவது நம் மஹல்லாக்களில் இன்று அரிதான செய்தி அல்ல. சேர்ந்து வாழ முடியாத நிலை வந்தால் தலாக், குலா, ஃபஸ்க் என்று மார்க்கம் அதற்கும் முறைகளை வைத்திருக்கிறது. மஹர், இத்தா, நகை, சீர்ப்பொருள் பற்றி ஜமாஅத்தில் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ‘பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள்?’ என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில், எல்லோரும் களைத்துப்போன நேரத்தில், ஒரே வரியில் முடிக்கப்படுகிறது. சில குடும்பங்களில் அது முடிக்கப்படுவதே இல்லை. ஆறு மாதம் கழித்து, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் சண்டையாக அது வெளியே வருகிறது.

இந்தப் பாடம் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளைகளின் விஷயத்தை மற்ற எல்லாக் கணக்குகளிலிருந்தும் பிரித்தெடுத்து, அதை முதலில், தனியாகப் பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கு ஆலோசனையும் சமரசப் பேச்சும் எப்படி உதவும், மார்க்கம் என்ன வழிகாட்டுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. இரண்டு கணக்குகள்

திருமணம் முறியும்போது இரண்டு கணக்குகள் எழுகின்றன. முதலாவது, கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான கணக்கு. யார் தவறு செய்தார், யார் யாருக்கு என்ன தர வேண்டும், எந்தப் பொருள் யாருடையது என்பவை அதில் அடங்கும். இரண்டாவது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான கணக்கு. முதல் கணக்கை ஒருநாள் முடித்துவிடலாம். இரண்டாவது கணக்கு முடிவதே இல்லை. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, காய்ச்சல், கத்ம், கல்லூரி, நிக்காஹ் என்று ஒவ்வொன்றிலும் அந்த இருவரும் மீண்டும் சந்தித்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டையும் கலப்பதில்தான் பெரும்பாலான துயரங்கள் தொடங்குகின்றன. ‘நகையைத் திருப்பித் தரும்வரை பிள்ளையைக் காட்ட மாட்டேன்’ என்று ஒரு தரப்பு சொல்கிறது. ‘பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் எதற்கு’ என்று மறு தரப்பு மாதச் செலவை நிறுத்துகிறது. பணம் நின்றதும் தொலைபேசி அழைப்பும் நிறுத்தப்படுகிறது. இரண்டு பக்கமும் தத்தம் நியாயத்தைச் சொல்கிறார்கள். நடுவில் பிள்ளை பணயப் பொருளாகிவிடுகிறது.

பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சின்னஞ்சிறுசுகள் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கலாம், உம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள், ‘நான் சேட்டை செய்ததால்தான் வாப்பா போய்விட்டார்’ என்று தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொள்வதுண்டு. வளர்ந்த பிள்ளைகள் கோபத்தைப் படிப்பிலும் நட்பிலும் காட்டுவார்கள். இரு வீட்டிலும் இரண்டு விதமாகப் பேசிப் பொய்க்குப் பழகிவிடும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் பிரிந்தது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. பிரிந்த பிறகும் பிள்ளையை வைத்து நடக்கும் சண்டைதான் காயத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

2. மார்க்கம் காட்டும் வழி

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் விவாகரத்துச் சட்டங்களைப் பேசும் வசனங்களுக்கு நடுவில் இடம்பெறுகிறது. பால்குடிப் பிள்ளையைப் பற்றி அது பேசுகிறது. தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தை முறைப்படி பொறுப்பேற்க வேண்டும் என்றும், யாரும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு செய்யக் கூடாது, தந்தைக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று இருவரையும் சமமாக வைத்துத் தடுக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பால்குடியை மறக்கடிக்க விரும்பினால்கூட, இருவரும் மனமொப்பி, கலந்து ஆலோசித்துச் செய்யட்டும் என்கிறது. பால் மறக்கடிப்பதற்கே இருவரின் ஆலோசனையும் தேவை என்றால், பள்ளியையும் ஊரையும் வீட்டையும் மாற்றுவதற்கு எவ்வளவு தேவை என்று நாம் யோசிக்க வேண்டும். அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும், பிரிந்த பெற்றோர் தங்களுக்குள் நல்ல முறையில் பேசி முடிவெடுக்கவே பணிக்கிறது.

அன்னிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் தம்பதியருக்கு இடையில் பிளவு அஞ்சப்படும்போது கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரு நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இரு தரப்புக்கும் சம எடை தரப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் பத்து ஆண்களும் மறுபக்கம் தனியாக ஒரு பெண்ணும் நிற்கும் பஞ்சாயத்து இந்த வசனத்தின் அமைப்பில் வராது.

சமரசம் செய்பவருக்கு எல்லை எது என்பதை பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி கற்றுத் தருகிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற அவர், தம் கணவர் முகீஸை விட்டுப் பிரியும் உரிமையைப் பயன்படுத்தினார். முகீஸ் அழுதுகொண்டே மதீனாத் தெருக்களில் அவருக்குப் பின்னால் சுற்றினார். நபி (ஸல்) அவர்கள் மனமிரங்கி, திரும்பிப் போகக் கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டபோது, தாம் பரிந்துரை மட்டுமே செய்வதாக நபியவர்கள் கூறினார்கள். பரீரா மறுத்தார். அந்த மறுப்பு அப்படியே ஏற்கப்பட்டது. புகாரியில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சி, சமரசம் என்பது கட்டாயப்படுத்துவது அல்ல என்பதற்கு நமக்குப் போதுமான சான்று. நபியவர்களே கட்டாயப்படுத்தாத இடத்தில் முத்தவல்லியோ, தாய்மாமனோ கட்டாயப்படுத்த முடியாது.

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு நபியவர்களிடமே வந்திருக்கிறது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவை முடித்து மக்காவை விட்டுப் புறப்படும்போது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறு மகள் பின்னால் ஓடிவந்தாள். அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) மூவரும் அவளை வளர்க்கும் உரிமை கோரினார்கள். மூவரும் கேட்டது அன்பினால்தான். சிறுமியின் தாயின் சகோதரி ஜஅஃபரின் மனைவியாக இருந்ததால், சிற்றன்னை தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி நபியவர்கள் அவரிடம் ஒப்படைத்தார்கள். அதோடு நிற்காமல், மூவரையும் தனித்தனியே கண்ணியப்படுத்தும் வார்த்தைகளையும் சொன்னார்கள். கேட்டது கிடைக்காதவரும் அவமானப்படாமல் எழுந்து போனார்கள். நம் பஞ்சாயத்துகளில் இந்த இரண்டாவது பாதிதான் விடுபட்டுப் போகிறது.

3. வளர்ப்புப் பொறுப்பும் காப்பாளர் பொறுப்பும்

ஃபிக்ஹில் இரண்டு பொறுப்புகள் தனித்தனியாகப் பேசப்படுகின்றன. பிள்ளையைக் கூடவே வைத்து வளர்ப்பது ஹளானா. அதன் சொத்து, கல்வி, திருமணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் காப்பாளர் பொறுப்பு விலாயா. சிறு பிள்ளைகளின் ஹளானாவில் தாய்க்கே முதல் உரிமை என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள். வயது வரம்பில் மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு ஏறத்தாழ 7 வயது வரையிலும், மகளுக்குப் பருவமடையும் வரையிலும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளை நல்லது கெட்டதைப் பிரித்தறியும் வயதை அடைந்ததும், தாய் தந்தையரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். பிள்ளை யாரிடம் இருந்தாலும், அதன் செலவு தந்தையின் கடமை.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் 1890ஆம் ஆண்டின் ‘கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ்’ சட்டத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் 17ஆம் பிரிவு, பிள்ளைக்கு உரிய தனிச்சட்டத்துக்கு இசைந்து, பிள்ளையின் நலனைப் பார்க்கச் சொல்கிறது. பிள்ளையின் வயது, பால், மதம், காப்பாளரின் குணமும் தகுதியும், பிள்ளைக்கு நெருக்கமானவர் யார் என்பவை அனைத்தும் கணக்கில் எடுக்கப்படும். விவரமாக விருப்பத்தைச் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் அதையும் நீதிபதி கேட்கலாம். பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரின் அன்பும் வேண்டும் என்றும், உடன் இல்லாத பெற்றோருக்குத் தொலைபேசி, வீடியோ அழைப்பு வழியாகத் தொடர்பு கொள்ளும் உரிமை தரப்பட வேண்டும் என்றும் கூறியது.

ஆகவே, ‘7 வயது முடிந்தது, மகனைக் கொடு’ என்று தேதியைக் காட்டி மட்டும் யாரும் நீதிமன்றத்தில் வென்றுவிட முடியாது. ‘நான் பெற்ற பிள்ளை, தகப்பனுக்குக் காட்ட மாட்டேன்’ என்பதும் அங்கே நிற்காது. இரு தரப்பும் இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

4. ஆலோசனை வேறு, சமரசம் வேறு

கவுன்சலிங் என்று நாம் சொல்லும் குடும்ப ஆலோசனை, மனதைச் சீராக்குவதற்கு. கோபம், அவமானம், பயம் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் தனியாக இறக்கி வைக்க அது உதவும். இது பைத்தியத்துக்கான வைத்தியம் அல்ல. காயத்துக்குக் கட்டுப்போடுவதைப் போன்றது. பிள்ளைகளுக்கும் தனியாக ஆலோசனை தேவைப்படலாம்.

மீடியேஷன் எனப்படும் சமரசம், முடிவெடுப்பதற்கு. சமரசர் நீதிபதி அல்லர். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். இருவரையும் உட்காரவைத்து, தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசி, இருவரும் ஏற்கும் ஏற்பாட்டை அவர்களே கண்டுபிடிக்க உதவுவார். அங்கே பேசியது வெளியே போகாது. பேச்சு முறிந்தாலும், அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் ஒருவருக்கு எதிராக மற்றவர் பயன்படுத்த முடியாது. விருப்பமில்லை என்றால் எந்த நேரத்திலும் எழுந்து போகலாம்.

பல நேரங்களில் ஆலோசனை முதலிலும் சமரசம் அடுத்தும் வர வேண்டும். நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும்போது போடும் ஒப்பந்தம் அடுத்த மாதமே முறிந்துவிடும்.

5. ஒரு எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாப்பா துபாயில் வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை 30 நாள் விடுப்பில் வருவார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5 வயது. குலா முடிந்து, உம்மா பிள்ளைகளோடு தம் தாய்வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் தம் பெற்றோரிடம் தம் ஊரில் வளர வேண்டும் என்கிறார் வாப்பா. பிள்ளைகள் தம்மிடம்தான் இருப்பார்கள் என்கிறார் உம்மா. நகை இன்னும் திரும்பி வராததால் நான்கு மாதமாக வீடியோ அழைப்பை அவர் எடுப்பதில்லை. மூன்று மாதமாகப் பணம் வரவில்லை.

சமரசர் இருவரையும் தனித்தனியே கேட்கிறார்: ‘நீங்கள் கேட்பது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?’ வாப்பா நெடுநேரம் கழித்துச் சொல்கிறார்: ‘பிள்ளைகள் என்னை மறந்துவிடுவார்கள். நாளை வேறு ஒருவரை வாப்பா என்று கூப்பிடுவார்கள்.’ உம்மா சொல்கிறார்: ‘ஒருமுறை அனுப்பினால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.’ வெளியே பேசப்பட்டது ஊரும் வீடும். உள்ளே இருந்தது இந்த இரண்டு பயங்கள். தாத்தா, பாட்டியிடம் பிள்ளைகளை ஒப்படைத்தால் வாப்பாவின் பயம் தீர்ந்துவிடாது. வாரம் மூன்று முறை பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் தீரும்.

அடுத்து, சமரசர் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுகிறார்: பிள்ளைகள், மாதச் செலவு, நகை. மூன்றுக்கும் தனித்தனி அமர்வு. ஒன்று முடியவில்லை என்பதற்காக மற்றொன்றை நிறுத்துவதில்லை என்று இருவரும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். அன்று மாலையே வீடியோ அழைப்பு மீண்டும் தொடங்குகிறது.

மூன்று அமர்வுகளுக்குப் பின் ஓர் ஏற்பாடு உருவாகிறது. பள்ளி நாட்களில் பிள்ளைகள் உம்மாவிடம் இருப்பார்கள். திங்கள், புதன், சனிக்கிழமைகளில் இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பு. அப்போது துபாயில் மாலை 6.30 மணி, வாப்பாவுக்கும் வசதி. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை தாத்தா, பாட்டி வீட்டில் பகல் முழுதும். முதல் மூன்று முறை காலையில் போய் மாலையில் திரும்புவது, பிறகு இரவு தங்குவது. அழைத்துச் செல்வதும் கொண்டுவந்து விடுவதும் இரு தரப்பும் நம்பும் ஒரு பெரியவர். வாப்பா விடுப்பில் வரும்போது 15 நாள் அவரோடு. இந்த ஆண்டு நோன்புப் பெருநாள் உம்மாவோடு, ஹஜ்ஜுப் பெருநாள் வாப்பா வீட்டில். அடுத்த ஆண்டு மாற்றி. மாதச் செலவு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கிக் கணக்கில்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. நடப்பு ஆண்டு இதே பள்ளி, மே மாதம் மீண்டும் பேசுவது என்று முடிகிறது. நகைக்குத் தனித் தேதி குறிக்கப்படுகிறது. வாப்பா கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. உம்மாவும் தாம் விரும்பாத ஒன்றுக்குச் சம்மதித்திருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரும் மீண்டும் கிடைத்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘உனக்கு உம்மா வேண்டுமா, வாப்பா வேண்டுமா?’ என்று பிள்ளையைச் சபையில் நிறுத்திக் கேட்காதீர்கள். நபியவர்கள் ஒரு சிறுவனைத் தாய் தந்தையரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்ன செய்தி அபூதாவூதில் உண்டு. அது நீதி வழங்குபவரின் முன்னிலையில் நடந்தது. உறவினர்கள் ஆளுக்கு ஆள் நச்சரித்துக் கேட்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பயிற்சி பெற்றவர், ‘இந்த வீட்டில் உனக்குப் பிடித்தது என்ன? இரவில் யாரைத் தேடுகிறாய்?’ என்று மென்மையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

6. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

‘வாப்பா அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதுவது சண்டைக்கு விதை. நாளும் நேரமும் இடமும் எழுதப்பட வேண்டும். குறைந்தபட்சம் இவை இருக்கட்டும்:

• பிள்ளை வழக்கமாகத் தங்கும் வீடு எது. மற்றவரைச் சந்திக்கும் நாள், நேரம், இடம்.
• யார் அழைத்துச் செல்வது, யார் திருப்பி விடுவது, தாமதமானால் எப்படித் தெரிவிப்பது.
• வாராந்திர தொலைபேசி அல்லது வீடியோ அழைப்பு.
• இரு பெருநாட்கள், கோடை விடுமுறை, குடும்ப நிக்காஹ், மவ்த் போன்ற நேரங்கள்.
• மாதச் செலவு எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு தனியாகவா, சேர்த்தா. ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்துவது.
• பள்ளி, மதரஸா, மருத்துவம் குறித்த முடிவை இருவரும் எப்படி எடுப்பது. மதிப்பெண் அட்டையை இருவருக்கும் காட்டுவது.
• ஆதார், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும். சிறார் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும் என்பதால், வெளிநாட்டுப் பயணம் பற்றியும் எழுதுவது நல்லது.
• இருவரில் ஒருவர் மறுமணம் செய்தால், அல்லது ஊர் மாறினால், மீண்டும் உட்கார்ந்து பேசுவது.
• பிள்ளையின் முன் ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவதில்லை, பிள்ளை மூலம் செய்தி சொல்லி அனுப்புவதில்லை என்ற உறுதி.

பிள்ளையின் செலவு, பிள்ளையின் உரிமை. ‘எனக்குப் பிள்ளை போதும், பணமே வேண்டாம்’ என்று தாய் எழுதிக் கொடுப்பதால் தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. தலாக் ஆன முஸ்லிம் பெண்ணிடம் வளரும் பிள்ளைகளுக்கும், தந்தைக்கு வசதி இருந்து பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், மகனுக்கு மேஜராகும் வரையிலும் மகளுக்குத் திருமணமாகும் வரையிலும் ஜீவனாம்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது.

7. எங்கே செல்வது?

வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசம் பேச முடியும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசியில் கேட்க 15100. அங்கே ஏற்படும் உடன்பாட்டை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தால், நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள வலு அதற்கும் கிடைக்கும்.

வழக்கு ஏற்கனவே குடும்ப நல நீதிமன்றத்தில் இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அங்கு ஆலோசகர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. மாவட்டங்களிலும் நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்கள் உள்ளன. ‘எங்கள் விஷயத்தைச் சமரச மையத்துக்கு அனுப்புங்கள்’ என்று நீங்களே நீதிபதியிடம் கேட்கலாம்.

ஜமாஅத்தில் எழுதும் ஒப்பந்தத்துக்கு ஒழுக்க வலு உண்டு. இருவரும் மனமொப்பி நடந்தால் அதுவே போதும். ஆனால் ஒருவர் மீறினால், அந்தத் தாளை வைத்து நேரடியாக நிறைவேற்றம் கேட்க முடியாது. மார்க்கத் தீர்ப்பு மன்றங்களின் முடிவுகளை விரும்பியவர் ஏற்று நடக்கலாம், சட்டப்படி யாரையும் அவை கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் கூறியது. ஆகவே ஜமாஅத்தில் பேசி முடித்தாலும், அதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அல்லது நீதிமன்றம் வழியாகப் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. பிள்ளை வளர்ப்பு குறித்த உத்தரவுகள் என்றென்றைக்கும் மாறாதவை அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றிக் கேட்கலாம்.

8. சமரசம் பொருந்தாத இடம்

அடி, உதை, கொலை மிரட்டல், போதை, பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் ஆகியவை இருக்கும் இடத்தில், ‘விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்று இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பது சமரசம் அல்ல, அநீதி. பயந்து நடுங்கும் ஒருவர் வைக்கும் கையெழுத்துச் சம்மதம் ஆகாது. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தும் குடும்ப மானம் போகும் என்று மறைப்பது அமானிதத்தை வீணாக்குவதாகும். அப்படிப்பட்ட நிலையிலும் பெற்றோரில் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பது அவசியம் என்று நீதிமன்றம் கருதினால், அது மூன்றாம் நபரின் கண்காணிப்பில் நடக்க ஏற்பாடு செய்யும்.

உடனடி முத்தலாக் சொல்லி வெளியேற்றப்பட்ட பெண்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிச் சொல்வது செல்லாது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், தமக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்புத் தொகை பெறவும் மாஜிஸ்திரேட்டிடம் அவர்கள் கேட்கலாம்.

9. உறவினர்களும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

பெற்றோர் இருவர் மட்டும் என்றால் பல பிணக்குகள் எளிதாகத் தீர்ந்துவிடும். சுற்றி நிற்கும் நாம்தான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம். தாத்தா, பாட்டி, மாமா, மாமி எல்லோருக்கும் பிள்ளைமேல் பாசம் உண்டு. அந்தப் பாசம், ‘உன் வாப்பா உன்னை விட்டுட்டுப் போயிட்டார்’, ‘உன் உம்மாவுக்கு நீ வேண்டாமாம்’ என்ற வார்த்தைகளாக வெளிவரக் கூடாது. அப்படிப்பட்ட பேச்சு பிள்ளையின் ஒரு பாதியை அதற்கே வெறுப்பாக்கிவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகள் நான்கு விஷயங்களைக் கடைப்பிடித்தால் பெரும் நன்மை விளையும். தலாக், குலா பற்றிப் பேசும் நாளில் பிள்ளைகள் குறித்த பேச்சை முதல் அமர்வாக வைக்கலாம். பெண் தரப்புக்காகப் பேச, படித்த, நம்பிக்கைக்குரிய பெண்களையும் அமர்த்தலாம். பேசியதை வெளியே சொல்லாத ஒழுக்கத்தைக் காக்கலாம். தங்களால் முடியாத வழக்கு என்று தெரிந்தால் தாமதிக்காமல் சமரச மையத்துக்கு வழிகாட்டலாம்.

வீட்டில் கலந்து பேச

1. நமக்குத் தெரிந்த ஒரு பிணக்கில், தம்பதியரின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் எந்த இடத்தில் கலந்துவிட்டன? (பெயர் சொல்லாமல் பேசுங்கள். புறம் பேசுவதாக ஆகிவிடக் கூடாது.)
2. பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியிலிருந்து, சமரசம் பேசப் போகும் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?
3. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் விஷயத்தில், கேட்டது கிடைக்காத இருவரும் எப்படி நடத்தப்பட்டார்கள்? நம் சபைகளில் அதை எப்படிக் கொண்டுவரலாம்?
4. நம் உறவில் பிரிந்த பெற்றோரின் பிள்ளை ஒன்று இருந்தால், அடுத்த பெருநாளுக்குள் அதற்காக நாம் செய்யக்கூடிய ஒரு உதவி எது?

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கணவன் மனைவி என்ற உறவு முடிந்தாலும், அந்த அமானிதத்தைப் பற்றிய விசாரணை இருவருக்கும் உண்டு. பிரிந்த பெற்றோருக்கு நீதியோடும் இரக்கத்தோடும் நடக்கும் மனதையும், அவர்களுக்கு இடையில் நன்மை பேசும் நாவை நமக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.